மூத்தவன் என்னும் சுமை

உருதுவிலும் இந்தியிலும் எழுதிப் புகழ்பெற்ற பிரேம்சந்த் (1880–1936), இளமையில் ஒரு மௌலவியிடம் உருதுவும் பாரசீகமும் பயின்றவர். அவருடைய 'படே பாய் சாஹிப்' என்னும் சிறுகதையை மனப்பாடக் கல்வியைச் சாடும் நையாண்டி என்றே பலரும் கொள்வர். அது உண்மையே, ஆயினும் முழு உண்மையன்று.

பெற்றோரைப் பிரிந்து மாணவர் விடுதியில் வாழும் இரு சகோதரரின் கதை இது. தொடக்கத்தில் தம்பிக்கு வயது 9, அண்ணனுக்கு 14. தம்பிக்கு விளையாட்டே உலகம்; அண்ணன் எந்நேரமும் புத்தகமும் கையுமாக இருப்பவன். எனினும் தேர்வில் அண்ணன் தோற்கிறான், தம்பி தேறுகிறான். இருவருக்கும் இடையே இருந்த மூன்று வகுப்புத் தொலைவு ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. இனி எந்தத் தகுதியால் அண்ணன் தம்பியைக் கண்டிப்பான்?

பட்டத்தின் பின்னே ஓடிய தம்பியை வழியில் பிடித்து நிறுத்தி, அறிவு ஏட்டினால் மட்டும் வருவதன்று, வாழ்ந்து பெறுவது என்று அண்ணன் நெடிதாக உரைக்கிறான். தந்தையார் சிறு வருவாயில் பெருங்குடும்பத்தைக் காத்த திறத்தையும் எடுத்துக்காட்டுகிறான். இவ்வுரை சற்று நீண்டுவிட்டது. ஆசிரியரே முன்வந்து பேசுவதுபோல் தோன்றுவது ஒரு குறையே. ஆயினும், தனக்கும் பட்டம் விட ஆசையுண்டு, தானே வழிதவறினால் தம்பியை யார் காப்பது என்று அவன் மனந்திறக்கும்போது அக்குறை மறைந்துவிடுகிறது. அந்நேரம் அறுந்த பட்டமொன்று தலைக்கு மேலே வர, உயரமான அண்ணன் தாவி நூலைப் பற்றி விடுதியை நோக்கி ஓடுகிறான். தம்பி பின்தொடர்கிறான்.

கண்டிப்பினால் பெற முடியாத மரியாதையை இந்த மனந்திறப்பு பெற்றுத் தந்துவிடுகிறது. நபி யூசுஃப் (அலை) அவர்கள் தம் இளவலை அருகே இருத்தி, தாமே அவருடைய சகோதரர் என்று அறிவித்துத் துயர் களைந்ததைத் திருமறையின் 12ஆம் அத்தியாயம் கூறுகிறது. அங்கும் அதிகாரத்துக்கு முன்னே உறவே பேசுகிறது.

தந்தை கடல் கடந்து பொருளீட்டச் சென்ற நம் வீடுகள் பலவற்றில், மீசை அரும்பாத காக்கா ஒருவர் தந்தையின் இடத்தில் நிற்கிறார். தம்பியைப் பார்த்துக்கொள் என்று அவரிடம் சொல்லும் நாம், அவருடைய ஆசைகளையும் கேட்டறிய வேண்டாவா? பெற்றோர் படிக்க வேண்டிய கதை இது.