மறுப்புக்கு ஒதுக்கிய இடம்

1078 வாக்கில் நார்மண்டியின் பெக் மடத்தில் ஆன்செல்ம் ‘புரோஸ்லோகியோன்’ எழுதினார். கடவுள் என்பதன் பொருளைச் சரியாக உணர்ந்தாலே அவர் இருப்பது விளங்கிவிடும் என்பது அதன் வாதம். கவுனிலோ என்ற துறவி இதை ஏற்கவில்லை. எல்லாத் தீவுகளிலும் சிறந்த ஒரு தீவை மனதில் நினைத்துவிட்டால், அது கடலில் இருந்தாக வேண்டுமா என்று கேட்டார். ஆன்செல்ம் பதில் எழுதினார். கூடவே, தம் நூலைப் படியெடுப்போர் கவுனிலோவின் மறுப்பையும் சேர்த்தே எழுத வேண்டும் என்றார். தம் வாதத்தில் ஓட்டை கண்டவரின் ஏட்டைத் தம் நூலோடு சேர்த்துக் கட்டச் சொன்ன அந்த மனத்தை வணங்குகிறேன். இடைக்காலத்தை இருண்ட காலம் என்று தள்ளிவிடுவோருக்கு நான் முதலில் சொல்வது இந்தச் செய்தியைத்தான்.

13ஆம் நூற்றாண்டின் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் இந்தப் பண்பு பாடமுறையாகவே ஊன்றிவிட்டது. ஆசிரியர் கேள்வியை வைப்பார். சபையில் தடைகள் எழும். மாணவர் விடை சொல்லிப் பார்ப்பார். முடிவை ஆசிரியர் உரைப்பார். தாமஸ் அக்குவினாஸ் 1265 வாக்கில் தொடங்கிய ‘இறையியல் தொகுப்பு’ இந்த வார்ப்பில் அமைந்ததுதான். கடவுள் உண்டா என்ற பகுதியைத் திறந்தால், முதலில் பேசுவது இல்லை என்னும் கட்சி. உலகில் தீமை இருக்கிறதே? இயற்கையைக் கொண்டும் மனித அறிவைக் கொண்டும் எல்லாவற்றையும் விளக்கலாமே? இன்றைய நாத்திகரும் இவ்வளவு சுருக்கமாகக் கேட்பது கடினம். கடவுள் உண்டு எனக் காட்டும் புகழ்பெற்ற ஐந்து வழிகள் அதற்குப் பிறகுதான் வருகின்றன.

அறிவின் எல்லையையும் அக்குவினாஸ் மறைக்கவில்லை. உலகுக்குத் தொடக்கம் உண்டு என்பது விசுவாசத்தால் ஏற்பது, நிரூபிக்க இயலாதது என்றார். வலுவற்ற சான்றுகளைக் காட்டினால், இவற்றை நம்பித்தான் விசுவசிக்கிறார்கள் என்று மற்றவர் நகைப்பார்கள் என எச்சரித்தார். தம் கட்சிக்கு உதவும் வாதத்தையே தள்ளிவைக்கும் நேர்மை இது. ஆனாலும் 1277 மார்ச் 7 அன்று பாரிஸ் ஆயர் 219 கருத்துகளைக் கண்டித்தபோது, அவற்றுள் சில அக்குவினாசையும் தொட்டன. அவர் இறந்து அன்றோடு மூன்று ஆண்டுகள்.

முடிவைக் கையில் வைத்துக்கொண்டு வாதம் தேடினார்கள் என்பது இம்முறை மேல் சொல்லப்படும் வழக்கமான குறை. அது உண்மைதான். ஆனால் முடிவை முன்பே கொண்டவரும் நல்ல வாதம் செய்யலாம். எனக்கு உறுத்துவது வேறு.

அதே ‘இறையியல் தொகுப்பில்’ இன்னொரு கேள்வி: திரிபுக்கொள்கையரைச் சகித்துக்கொள்ளலாமா? இங்கும் அதே ஒழுங்கு. தடைகளுள் ஒன்று கிறிஸ்துவின் உவமை: அறுவடை வரை களையும் கோதுமையும் சேர்ந்தே வளரட்டும். இதைவிடப் பெரிய தடை ஒரு கிறிஸ்தவருக்கு இருக்க முடியாது. அதற்கும் விடை வருகிறது: கோதுமைக்குச் சேதம் வராது என்றால் களையைப் பிடுங்கலாம். கள்ள நாணயம் அடிப்பவனுக்கே அரசர் மரண தண்டனை தரும்போது, விசுவாசத்தைக் கெடுப்பவனுக்கு ஏன் கூடாது? திருச்சபை முதலில் எச்சரிக்கும். திருந்தாதவனை அரசின் கையில் ஒப்படைக்கும்.

கடவுள் இல்லை என்னும் வாதத்துக்கு அந்நூலில் முதலிடம் கிடைத்தது. கிறிஸ்தவராக இருந்துகொண்டு அதை நம்பி, விடாப்பிடியாகச் சொல்லும் ஆளுக்கு அதே நூல் கொலைத் தண்டனையை நியாயப்படுத்தியது. இரண்டையும் எழுதியது ஒரே கை. ஒரே நிதானமான நடை. தடை, விடை என்ற ஒரே வரிசை. கவுனிலோவுக்கு ஆன்செல்ம் தந்த இடம் அவர் துறவி என்பதாலும் கிடைத்திருக்கலாம். மடத்துக்கு வெளியே இருந்து மறுத்தவர்களின் ஏடுகளை யாரும் சேர்த்துப் படியெடுக்கச் சொன்னதாக நான் அறியேன். 1242இல் பாரிசில் யூதர்களின் தல்மூத் பிரதிகள் வண்டி வண்டியாக எரிக்கப்பட்டன. எரிப்பதற்கு இரண்டு ஆண்டு முன்பு, அந்த நூலைப் பற்றியும் முறைப்படி விவாதம் நடந்திருந்தது.