விரிச்சி கேட்டல்: சில குறிப்புகள்

முல்லைப்பாட்டில் முதுபெண்டிர் ஊர்ப்புறத்தே போய், நெல்லும் முல்லைப்பூவும் தூவிக் கைதொழுது, விரிச்சி கேட்டு நிற்கிறார்கள். போருக்குப் போனவன் திரும்புவானா என்று தெரிந்தாக வேண்டும். அப்போது ஓர் ஆய்மகள், கயிற்றில் கட்டுண்டு ஏங்கும் கன்றைப் பார்த்து, உன் தாய் இப்போதே வந்துவிடுவாள் என்கிறாள். முதுபெண்டிருக்கு அது போதும். நற்சொல் கிடைத்துவிட்டது.

எம்.ஏ. வகுப்பில் இதை 'நிமித்தம் பார்க்கும் வழக்கம்' என்று ஒருவரிக் குறிப்பாக எழுதி மதிப்பெண் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். ஆனால் குறி சொன்னவள் யார்? அரசனைப் பற்றியோ போரைப் பற்றியோ அவள் பேச்சில் ஒன்றுமில்லை. அவள் கன்றோடு பேசுகிறாள். கேட்பவரை நோக்கிச் சொல்லப்படாத பேச்சு என்பதாலேயே அது குறியாகிறது. தொல்காப்பியர் விரிச்சியை வெட்சியில், அதாவது ஆநிரை கவரப் போகிறவர்களின் துறைகளில் வைத்திருப்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். குறி கேட்பது அன்றைக்கே அதிகாரத்தின் வேலைதான். பேச்சு மட்டும் அதிகாரத்துக்கு வெளியே இருந்தது.

இன்று அந்தப் பேச்சையும் தயாரித்துக்கொள்கிறார்கள். வரப்போவதை முன்கூட்டிக் காட்டும் ஊரையோ தொகுதியையோ ஆங்கிலத்தில் 'பெல்வெதர்' என்பார்கள். மந்தைக்கு முன்னால் மணி கட்டி விடப்படும் காயடித்த கிடா என்பது அதன் பழைய பொருள். மணிச்சத்தத்தை வைத்து மந்தை போகும் திசையைத் தெரிந்துகொள்ளலாம். மணியைக் கட்டியவன் மேய்ப்பன் என்பதுதான் நம் அரசியல் விமர்சகர்களுக்கு மறந்துபோகிறது.

2024 ஜூன் 1 மாலை, மக்களவைத் தேர்தலின் கடைசிக் கட்ட வாக்குப்பதிவு முடிந்த கையோடு தொலைக்காட்சிகளில் கணிப்புகள் கொட்டின. பெரும்பாலானவை தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350க்கு மேல் கொடுத்தன. ஜூன் 3 திங்களன்று சென்செக்ஸ் 2,500 புள்ளிகள் ஏறியது. மறுநாள் எண்ணிப் பார்த்தால் கூட்டணிக்கு 293, பாஜகவுக்குத் தனியாக 240. சென்செக்ஸ் ஒரே நாளில் ஏறக்குறைய 4,390 புள்ளிகள் விழுந்தது. கணிப்பு தப்பிப்போனது பெரிய விஷயமில்லை. ஒரு முழு வர்த்தக நாள் அது உண்மையாக இருந்தது; அந்த நாளில் பணம் கைமாறியது. குறி என்ற பெயரில் வந்தது 'வாங்கு' என்ற கட்டளை. கேள்வித்தாளோடு வந்து நிற்பவனிடம் என்ன சொன்னால் வம்பில்லை என்று பார்த்துத்தான் ஜனங்கள் பதில் சொல்கிறார்கள். இதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். இல்லாதவர்களின் தற்காப்பு அது.

அப்படியானால் நம் காலத்து ஆய்மகளின் பேச்சை எங்கே கேட்பது? தாராளமயம் 1991 ஜூலை வரவுசெலவுத் திட்டத்தோடு வந்து இறங்கியதாக எழுதி எழுதிப் பழகிவிட்டோம். அதற்குப் பத்து வருஷத்துக்கும் முன்பே கடலூரில் அதன் சத்தம் கேட்டிருக்கிறது. எழுபதுகளில் சின்னி கிருஷ்ணன் ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்றார். வசதியானவர் போடுவதைக் கூலிக்காரரும் ரிக்‌ஷாக்காரரும் போட வேண்டும் என்பது அவர் எண்ணம் என்கிறார்கள். 1983இல் அவர் மகன் ரங்கநாதன் 15,000 ரூபாயோடு தனியே தொடங்கிய சிக் ஷாம்பு கிராமத்துப் பெட்டிக்கடைகளில் சரம் சரமாகத் தொங்கியது.

நுகர்வுப் பண்பாடு, சீயக்காய் போச்சு என்று இடதுசாரி நண்பர்கள் இதைச் சுலபமாக முடித்துவிடுவார்கள். சேரிக்காரன் காசைக் கையில் வாங்காத கடையிலும் பாக்கெட் எல்லோருக்கும் ஒரே அளவுதான் என்பதை அவர்கள் பார்ப்பதில்லை. அளந்து போடும் கை அங்கே இல்லை. இது சமத்துவமா? அரைச் சமத்துவம் என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். அதைக்கூட நாம் கொடுக்கவில்லை, கம்பெனிதான் கொடுத்தது.

பாட்டிலின் காலக்கணக்கு மாதச் சம்பளம். பாக்கெட்டினுடையது நாள்கூலி. கூலிக்காரரின் ஒரு நாளை மூலதனம் தன் அலகாக எடுத்துக்கொண்டது என்பதுதான் அந்தச் சரத்தில் தொங்கிய செய்தி. அந்த அலகு பிறகு நிறைய இடத்துக்குப் போயிற்று: பத்து ரூபாய் ரீசார்ஜ், பெண்கள் குழுக்களுக்கு வாரத் தவணைக் கடன். 2010இல் ஒன்றுபட்ட ஆந்திராவில் தவணை கட்ட முடியாதவர்களின் தற்கொலைச் செய்திகளுக்குப் பிறகு அரசு அவசரச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. இதற்கிடையே 2004இல் சி.கே. பிரகலாத் ஏழைகளின் அடித்தட்டில் செல்வம் இருக்கிறது என்று புத்தகமே எழுதிவிட்டார். அது குறி இல்லை, மணிச்சத்தம்.

வரப்போவதை எழுத்தாளன் முதலில் உணர்கிறான் என்று சிறுபத்திரிகைகளில் ஒரு நம்பிக்கை உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. எழுத்தாளன் முதுபெண்டிர் கூட்டத்தில் ஒருவன். ஊர்ப்புறம் வரை நடந்து போக வேண்டியவன், போன இடத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டியவன். கள ஆய்வுக்குப் போகும் நம் தோழர்கள் கேள்விப்பட்டியலை வீட்டிலேயே தயாரித்துக்கொண்டு போகிறார்கள்.

ஓட்டல் வாசல்களில் சாப்பாட்டு ஆர்டருக்காக பைக்கில் சாய்ந்து காத்திருக்கும் பையன்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைக் கேளுங்கள். வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க என்று யாரும் சொல்வதில்லை. 'ஐடி பிளாக் ஆயிடுச்சு' என்கிறார்கள். செயப்பாட்டுவினைகூட இல்லை, மழை வந்தது, கரண்ட் போயிடுச்சு என்பது மாதிரி. யார் பண்ணினது என்று நடுவில் புகுந்து கேட்டால், கொஞ்சம் யோசித்து, 'ஆப்' என்கிறார்கள்.