கேட்பவர் கையில் வாக்கு: ஏதென்ஸ் பேச்சுக்கலையின் பள்ளிகளும் நெறிகளும்

ஏதென்ஸ் நகரின் அக்ரோபோலிசுக்கு மேற்கே பினிக்ஸ் என்ற குன்று இருக்கிறது. கி.மு. 5, 4ஆம் நூற்றாண்டுகளில் அந்நகரின் மக்கள் பேரவை அங்கேதான் கூடியது. ஏறத்தாழ 6,000 பேர் திறந்த வெளியில் அமர்ந்திருக்க, பேச விரும்புபவர் யார் என்று அறிவிப்பாளர் கேட்பார். குடியுரிமை உள்ள எவரும் மேடையேறலாம். போர் தொடுப்பதா, உடன்படிக்கை செய்வதா, வரி போடுவதா என்பதையெல்லாம் பேச்சைக் கேட்டு, கைதூக்கி முடிவு செய்தார்கள். நீதிமன்றத்திலும் பேச்சைக் கேட்டே முடிவு செய்தார்கள். 30 வயது கடந்த 6,000 பேர் ஆண்டுதோறும் சீட்டுக் குலுக்கலில் நடுவர்களாகத் தேர்வானார்கள். வழக்கின் தன்மைக்கேற்ப 201 பேரோ 501 பேரோ அமர்ந்து கேட்டார்கள். தொழில்முறை வழக்கறிஞர்கள் கிடையாது. வழக்காடுபவரே எழுந்து பேச வேண்டும். நீர்க்கடிகாரம் நேரத்தை அளக்கும். பேச்சு முடிந்ததும் நடுவர்கள் தங்களுக்குள் கலந்து பேசாமலே வாக்களிப்பார்கள்.

கிரேக்கப் பேச்சுக்கலையைப் பற்றி எழுதுபவர்கள் பெரும் பேச்சாளர்களின் பெயரிலிருந்து தொடங்குவது வழக்கம். கேட்டவர்களிடமிருந்து தொடங்குவதே பொருத்தம் என்பது என் கருத்து. அந்தக் கலையின் எல்லாப் பள்ளிகளையும் வளர்த்தது, கேட்பவர் கையில் இருந்த வாக்குதான்.

சிசிலியிலிருந்து வந்த அலங்காரம்

பழைய மரபின்படி இக்கலையின் பிறப்பிடம் சிசிலித் தீவின் சிரக்கூஸ். அங்கே கொடுங்கோலாட்சி வீழ்ந்தபின், பறிபோன நிலங்களை மீட்க மக்கள் வழக்குமன்றம் ஏறினார்கள். அவர்களுக்கு வாதமுறை கற்பித்தவர்கள் என்று கோராக்ஸ், டிசியாஸ் ஆகிய இருவரைச் சொல்வார்கள். கி.மு. 427இல் அதே தீவின் லியோன்டினி நகரத் தூதராக கோர்கியாஸ் ஏதென்சுக்கு வந்தார். எதிரும் புதிருமாக நிறுத்திய சொற்கள், அளவொத்த தொடர்கள், ஒத்த ஓசையில் முடியும் இறுதிகள் என்று உரைநடைக்குள் அவர் கவிதையின் இசையைக் கொண்டுவந்தார். நகரம் மயங்கியது. அவருக்கு மூத்தவரான அப்தெராவின் புரோட்டகோரஸ், எந்தப் பொருளிலும் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு வாதங்கள் உண்டு என்று கற்பித்தார். பணம் பெற்றுக்கொண்டு கற்பித்த இத்தகைய ஆசிரியர்களே சோபிஸ்டுகள்.

லிசியாஸின் எளிய நடை

தானே பேச வேண்டிய சாதாரண மனிதனுக்குக் கோர்கியாஸின் அலங்காரம் உதவாது. நிலத்தை உழுபவன் ஓசை நயத்தோடு பேசினால் நடுவர்கள் ஐயப்படுவார்கள். அந்தத் தேவையிலிருந்துதான், பிறருக்காக வழக்குரை எழுதித் தரும் தொழில் வளர்ந்தது. அதில் முதன்மையானவர் லிசியாஸ். சிரக்கூஸிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர்; ஏதென்சில் குடியுரிமை இல்லாதவர். கி.மு. 404இல் ஆட்சியைப் பிடித்த முப்பதின்மர் அவர் அண்ணன் பொலிமார்க்கஸைக் கொன்றார்கள். குடும்பத்தின் கேடயப் பட்டறையையும் பறித்தார்கள். மக்களாட்சி மீண்டபின், அந்த முப்பதின்மரில் ஒருவரான எரட்டோஸ்தனிஸுக்கு எதிராக அவர் ஆற்றிய உரை இன்றும் இருக்கிறது.

எழுதித் தந்த உரைகளில் லிசியாஸ் தன்னை முற்றிலும் மறைத்துக்கொள்வார். பேசுபவரின் வயது, தொழில், குணம் எல்லாம் சொற்களில் தெரியும். அரசு தரும் சிறு உதவித்தொகையை நிறுத்தக் கூடாது என்று கேட்கும் ஊனமுற்ற ஒருவருக்காக அவர் எழுதிய உரை இதற்கு நல்ல சான்று. குதிரையில் போகிறவனுக்கு உதவித்தொகை எதற்கு என்பது குற்றச்சாட்டு. வசதி இருந்தால் சேணமிட்ட கோவேறு கழுதையில் போயிருப்பேனே, இரவல் குதிரையில் ஏன் போகிறேன் என்று அந்த மனிதர் திருப்பிக் கேட்கிறார். அலங்காரம் சிறிதும் இல்லை. ஆனால் ஓர் ஆள் நம் முன் எழுந்து நிற்கிறார். எளிய நடைக்குப் பிற்காலத்தார் வைத்த அளவுகோல் லிசியாஸ்தான்.

ஐசாக்ரட்டீஸின் பள்ளி

மேடைக்கு வேண்டிய குரல் வளமும் துணிச்சலும் தனக்கில்லை என்று ஐசாக்ரட்டீஸ் (கி.மு. 436–338) தாமே எழுதினார். ஆனால் ஏதென்சில் அவர் நடத்திய பள்ளிக்குக் கிரேக்க உலகின் பல பகுதிகளிலிருந்தும் மாணவர்கள் வந்தார்கள். இயற்கைத் திறன், பயிற்சி, கல்வி மூன்றும் சேர்ந்தால்தான் பேச்சாளர் உருவாவார்; அவற்றுள் இயற்கைத் திறனே முதன்மையானது என்பது அவர் கொள்கை. நீண்ட வாக்கியங்களைத் தளராமல் கட்டுவது, உயிரொலிகள் முட்டிக்கொள்ளாமல் சொற்களைத் தொடுப்பது அவர் நடையின் இலக்கணம். கிரேக்க நகரங்கள் தங்களுக்குள் அடித்துக்கொள்வதை விட்டு ஒன்றுபட வேண்டும் என்று வாதிடும் ‘பானிகிரிக்கஸ்’ (கி.மு. 380) அவர் புகழ்பெற்ற படைப்பு. படிப்பதற்கென்றே எழுதப்பட்ட பேச்சு என்ற வகை அவரால் நிலைபெற்றது.

மெய்யியலாரின் வழக்கு

இவையனைத்தையும் பிளேட்டோ ஐயத்தோடு பார்த்தார். ‘கோர்கியாஸ்’ உரையாடலில் பேச்சுக்கலையைச் சமையலோடு ஒப்பிடுகிறார். மருத்துவம் உடலுக்கு நல்லதைத் தரும்; சமையல் நாவுக்கு இனியதைத் தரும்; பேச்சுக்கலை இரண்டாவதைச் சேர்ந்தது என்பது அவர் குற்றச்சாட்டு. அவருடைய மாணவர் அரிஸ்டாட்டில் வேறு வழி எடுத்தார். மூன்று பகுதிகள் கொண்ட ‘ரெட்டரிக்’ நூலில் பேச்சை அவை உரை, வழக்குரை, விழா உரை என மூவகையாகப் பகுத்தார். இந்தப் பகுப்புக்கு அவர் அடிப்படையாகக் கொண்டது கேட்பவரையே. வரப்போவதை முடிவு செய்பவர் ஒருவர், நடந்துவிட்டதைத் தீர்ப்பவர் ஒருவர், பேச்சின் திறத்தைக் கண்டு மகிழ்பவர் ஒருவர். பேசுபவரின் குணம், கேட்பவரின் உணர்ச்சி, வாதத்தின் வலிமை ஆகிய மூன்றும் நம்பிக்கையை உண்டாக்கும் வழிகள் என்றார். நடைக்கு அவர் விதித்த நெறி இரண்டு: தெளிவு, இடத்துக்குத் தகுந்த தன்மை.

டெமாஸ்தனிஸ்

இத்தனை பள்ளிகளின் வலிமையும் டெமாஸ்தனிஸிடம் (கி.மு. 384–322) வந்து சேர்ந்தது. தந்தை விட்டுச்சென்ற சொத்தைக் காப்பாளர்கள் சூறையாட, வழக்காடியே மேடைக்கு வந்தவர் அவர். மக்கெடோனிய மன்னன் பிலிப்பின் எழுச்சியை எதிர்த்து கி.மு. 351 முதல் அவர் ஆற்றிய உரைகளில் பிலிப்புக்கு விழும் அடியைவிட ஏதென்ஸ் மக்களுக்கு விழும் அடி பலமானது. சோம்பல், தள்ளிப்போடும் பழக்கம், படைக்கு வேண்டிய பணத்தைத் திருவிழாவுக்குச் செலவிடுவது என்று எல்லாவற்றையும் முகத்துக்கு நேரே சொன்னார். டெமாஸ்தனிஸுக்கு மகுடம் சூட்டும் தீர்மானத்தை எதிர்த்து கி.மு. 330இல் அவருடைய அரசியல் எதிரி ஐஸ்கினிஸ் தொடுத்த வழக்கில் தன் அரசியல் வாழ்வு முழுவதையும் காத்து அவர் பேசிய மகுட உரையே கிரேக்கப் பேச்சின் உச்சம் என்பேன். ஐஸ்கினிஸுக்கு ஐந்தில் ஒரு பங்கு வாக்குகூடக் கிடைக்கவில்லை. அவர் ஏதென்சை விட்டே வெளியேறினார்.

மேடைக்கு இருந்த கட்டுப்பாடு

அந்த ஐந்தில் ஒரு பங்கு ஒரு சட்டம். பொது வழக்கில் அதற்குக் குறைவாக வாக்குப் பெற்ற குற்றஞ்சாட்டியவர் 1,000 டிராக்மா தண்டம் கட்ட வேண்டும். அத்தகைய வழக்குத் தொடரும் உரிமையையும் இழப்பார். பெற்றோரைப் பேணாதவர், போர்க்களத்தில் கேடயத்தை எறிந்தவர், முன்னோர் சொத்தை அழித்தவர் ஆகியோர் பேரவையில் பேசினால் அவர்கள் மீது வழக்குப் போடலாம். சட்டத்துக்கு முரணான தீர்மானத்தை முன்மொழிந்தவர், பேரவை அதை ஏற்றிருந்தாலும் நீதிமன்றத்தில் நிற்க வேண்டும். சொன்ன சொல்லுக்குச் சொன்னவர் பொறுப்பு என்பதே எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவான நெறி.

இந்த அவையில் பெண்களுக்கும் அடிமைகளுக்கும் குடியேறியவர்களுக்கும் இடமில்லை. தலைசிறந்த வழக்குரைகளை எழுதிய லிசியாஸுக்கே வாக்கு கிடையாது. கேட்பவர்கள் தவறியதும் உண்டு. கி.மு. 427இல், கிளர்ந்தெழுந்த மிட்டிலினி நகர ஆண்கள் அனைவரையும் கொல்லப் பேரவை முடிவு செய்தது. மறுநாள் மனம் மாறி மீண்டும் கூடி, கிளியான், டியோடோட்டஸ் இருவரின் வாதங்களையும் கேட்டு, அந்த ஆணையைச் சிறு வித்தியாசத்தில் மாற்றியது. கொலை ஆணையோடு புறப்பட்டிருந்த முதல் கப்பலைத் துரத்திக்கொண்டு இரண்டாவது கப்பல் விரைந்தது. மறுபக்கத்தைக் கேட்கும் வழக்கம் ஒரு நகரத்தின் உயிரைக் காத்தது.

கி.மு. 322இல் ஏதென்சை அடக்கிய மக்கெடோனியத் தளபதி ஆன்டிபேட்டர் 2,000 டிராக்மா சொத்து இல்லாதவர்களின் வாக்குரிமையைப் பறித்தார். பேச்சாளர் ஹைபரைடிஸ் கொல்லப்பட்டார். டெமாஸ்தனிஸ் நஞ்சருந்தி மாண்டார். அடுத்த நூற்றாண்டுகளில் சிறிய ஆசியாவில் ஆடம்பர நடை ஓங்கியது. மக்னீசியாவின் ஹெஜீசியாஸ் அதன் முன்னோடி. அதை எதிர்த்து, ஹாலிகார்னாசஸின் டயனீசியஸ் போன்ற திறனாய்வாளர்கள் பழைய ஏதென்ஸ் நடையே நெறி என்று முழங்கினார்கள். பதின்மர் கொண்ட பேச்சாளர் வரிசையும் நிலைபெற்றது. நடையை அவர்களால் மீட்க முடிந்தது. அந்த நடையைக் கேட்டுக் கைதூக்கிய அவையை மீட்க முடியவில்லை.

நல்ல பேச்சுக்கு ஏங்கும் எந்தச் சமுதாயமும் இதிலிருந்து கற்க வேண்டியது ஒன்றுண்டு. கைதட்ட மட்டும் அமர்ந்திருப்பவர்களுக்கு அலங்காரமே போதும். இரு தரப்பையும் கேட்டு, கணக்குக் கேட்டு, வாக்கால் தீர்ப்பவர்கள் அமர்ந்திருக்கும் அவையில்தான் டெமாஸ்தனிஸ்கள் பிறக்கிறார்கள்.