கடல் தெரியாத கரிசலில் பிறந்த கப்பல்

ஓட்டப்பிடாரத்துக்கு ஒரு தடவை வந்து பாருங்க! கண்ணில் படுகிற ஆளிடமெல்லாம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், சலிக்கவே இல்லை. நாலா பக்கமும் கரிசல். கம்பு, உளுந்து, பருத்தி, மிளகாய் என்று வானம் பார்த்த வெள்ளாமை. கோடையில் வெடித்துக் கிடக்கும் நிலத்துக்குள் கையை விட்டால் முழங்கை வரைக்கும் இறங்கும். ஒரு மழை பெய்துவிட்டால் அதே மண் செருப்போடு அப்பிக்கொண்டு ஆளை நகர விடாது. வெயில் கொஞ்சம் கூடுதல்தான், இருந்துவிட்டுப் போகட்டும்!

இப்போ நினைத்துப் பாருங்க. அலைச் சத்தம் எட்டாத இந்த ஊரில் 1872 செப்டம்பர் 5-ஆம் தேதி ஒரு பிள்ளை பிறக்கிறது. வளர்ந்து வக்கீலாகி இங்கேயே தொழில் பார்க்கிறது, 1900-இல் தூத்துக்குடிக்குப் போகிறது, 1906-இல் வெள்ளைக்காரனுக்கு எதிராகக் கப்பல் கம்பெனியே தொடங்கிவிடுகிறது! பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் என்று திரட்டி, காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்களை வாங்கி, கொழும்புக்கு ஓட்டினார் நம்ம வ.உ.சி. போட்டிக்கு நின்ற வெள்ளைக்காரக் கம்பெனி மிரண்டுபோய்க் கட்டணத்தைக் குறைத்து, குறைத்து, கடைசியில் சும்மாவே ஏற்றிக்கொண்டு கையில் ஒரு குடையும் கொடுத்ததாம்! அவர் பிறந்த வீடு இன்றைக்கு நினைவு இல்லம். அந்த வாசல்படியில் கால் வைத்தாலே எனக்கு மயிர்க்கூச்செறியும். கூட வந்தவர்களைச் சுவரில் இருக்கும் ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் நிறுத்திக் கதை சொல்லாமல் விடமாட்டேன்.

அதோடு முடிந்ததா? வண்டியை எடுத்தால் கூப்பிடு தூரத்தில் கட்டபொம்மன் ஆண்ட பாஞ்சாலங்குறிச்சி! 1799 அக்டோபர் 16-இல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கில் போட்டு, கோட்டையை இடித்துத் தள்ளி, கதை முடிந்தது என்று கிழக்கிந்தியக் கும்பினியார் கைகழுவினார்கள். 1801 பிப்ரவரியில் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையை உடைத்து வருகிறார், சனம் திரள்கிறது, ஆணும் பெண்ணுமாக மண்ணைக் குழைத்துச் சில நாளிலேயே கோட்டை மறுபடி எழுந்து நிற்கிறது, மார்ச் 31-இல் மோதிய பீரங்கிப் படை பிணங்களை விட்டுவிட்டுப் பின்வாங்குகிறது, மே 24 வரைக்கும் அந்த மண்கோட்டையை அவர்களால் பிடிக்க முடியவில்லை, வெறும் மண்ணய்யா, நம்ம கரிசல் மண்! அந்தச் சண்டையில் செத்த வெள்ளைக்காரச் சிப்பாய்களின் கல்லறைகளை இன்றைக்கும் பார்க்கலாம். பக்கத்திலேயே கவர்னகிரி, கட்டபொம்மனின் தளபதி சுந்தரலிங்கத்தின் ஊர். தொட்ட இடமெல்லாம் வீரம், எதை முதலில் காட்டுவது என்றே எனக்குத் தெரியாமல் போகும்.

மே மாதம் வாங்க, பாஞ்சாலங்குறிச்சி வீரசக்கதேவி கோயில் திருவிழாவுக்கு ஊர் ஊராக ஜோதி ஏந்தி ஓடி வருவார்கள், கொட்டுச் சத்தத்தில் உங்கள் காலும் சும்மா நிற்காது. பசுமை பார்க்க வேண்டுமா, ஐப்பசி மழை கழித்து வாங்க. தூத்துக்குடியிலிருந்து பஸ் உண்டு, கோவில்பட்டிப் பக்கமிருந்தும் வரலாம். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாங்க. பாடப் புத்தகத்தில் படித்த பெயர்கள் நடமாடிய மண்ணை அவர்கள் காலால் மிதிக்கட்டும்!