ட்ரெஷரின் கைவண்ணம்

ட்ரெஷர் என்ற ஜப்பானிய வீடியோ கேம் நிறுவனம் 1992 ஜூன் மாதம் டோக்கியோவில் தொடங்கப்பட்டது. கோனாமியில் வேலை பார்த்த சில இளைஞர்கள் மசாட்டோ மேகாவாவின் தலைமையில் வெளியே வந்து அமைத்த சிறு நிறுவனம் அது. நன்றாக விற்ற கேமுக்கு அடுத்த பாகம், அதற்கும் அடுத்த பாகம் என்று பெரிய நிறுவனங்கள் போய்க்கொண்டிருந்த காலம். இவர்களுக்கோ யாரும் ஆடிப் பார்க்காத ஒன்றைச் செய்ய ஆசை.

அடுத்த இருபது ஆண்டுகளில் இவர்கள் வெளியிட்டவற்றைப் பார்த்தால், எல்லாம் ஒரே இடத்தில் பிறந்தவை என்று நம்புவது கடினம். ஓடிச் சுடும் ஆட்டம், தலையைக் கழற்றி வீசும் பொம்மை, ஆறு பேர் ஒரே திரையில் மோதும் சண்டை, கறுப்பும் வெள்ளையுமாக மாறும் விமானம், கிறுக்கல் ஓவியங்களின் அடிதடி, மெக்டொனால்ட்ஸ் கோமாளியின் சாகசம் என எல்லாம் இருக்கின்றன. ஆனாலும் வரிசையாக ஆடி வருபவர் எல்லாவற்றிலும் ஒரே கையெழுத்தைக் கண்டுகொள்வார். ட்ரெஷர் ஒவ்வொரு கேமிலும் ஆடுபவரின் கைக்கு ஒரு செயலைக் கொடுக்கிறது: சேர்ப்பது, எறிவது, குலுக்குவது, நிறம் மாறுவது. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு எத்தனை காரியம் செய்யலாம் என்று கடைசிவரை பிழிந்து பார்க்கிறது. பட்டியலில் இத்தனை வகை இருப்பதற்கே காரணம் இந்த ஒற்றைப் பழக்கம்தான். செயல் மாறினால் அதைச் சுற்றியுள்ள உலகமும் மாறியாக வேண்டும்.

1993 செப்டம்பரில் சேகா மெகா டிரைவ் கன்சோலுக்கு வந்த ‘கன்ஸ்டார் ஹீரோஸ்’ முதல் வெளியீடு. இதில் செயல், சேர்ப்பது. ஃபோர்ஸ், லைட்னிங், சேஸர், ஃபயர் என்று நான்கு ஆயுதங்கள். கையில் இரண்டை வைத்துக்கொள்ளலாம், இரண்டையும் கலக்கலாம். தனித்தனியாக நான்கும், கலந்தவை பத்தும் சேர்த்து 14 வகைச் சூடு கிடைக்கிறது. சேஸருடன் மின்னலைச் சேர்த்தால் கற்றை வளைந்து வளைந்து எதிரியைத் தேடிப் போகும். குறி பார்க்கும் கவலை இல்லை, அடியில் வலு குறைவு. மின்னலுடன் நெருப்பைச் சேர்த்தால் வாள் நீளத்துக்கு ஒரு சுடர் எழும். பக்கத்தில் போக வேண்டும், போனால் எதிரி நிற்க மாட்டான். ஆட்டத்தின் தொடக்கத்திலேயே இன்னொரு தேர்வும் உண்டு: சுடும்போது நின்று எட்டுத் திசையும் குறிவைப்பதா, ஓடிக்கொண்டே சுடுவதா? கதை தொடங்குவதற்கு முன்பே ஆடுபவர் தன் குணத்தைச் சொல்லிவிட வேண்டியிருக்கிறது.

சுரங்க ரயில் பாதையில் வரும் ‘செவன் ஃபோர்ஸ்’ என்ற இயந்திரத்தை நின்று கவனிக்க வேண்டும். நாயகன் தள்ளுவண்டியில் தரையிலும் கூரையிலும் மாறி மாறிப் பாய, அந்த இயந்திரம் மனிதனாக ஓடி வரும், புலியாகும், நண்டாகும், துப்பாக்கியாகும். படத்தைச் சுழற்றவோ பெரிதாக்கவோ மெகா டிரைவின் வன்பொருளில் வசதி இல்லை. சிறு சிறு துண்டுப் படங்களை மூட்டு மூட்டாகக் கோத்து, ஒவ்வொரு மூட்டும் எங்கே நிற்க வேண்டும் என்பதை 7.67 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள 68000 செயலியைக் கொண்டே கணக்கிட வைத்தார்கள். அதனால்தான் அந்த இயந்திரத்தின் காலும் கையும் வரைந்த படம்போல விறைத்து நிற்காமல், எடை உள்ள உடம்பாக அசைகின்றன. இன்னொரு கட்டத்தில் பரமபதம் ஆடுவதைப் போலப் பகடை உருட்டி, விழுந்த எண்ணுக்கு ஏற்ற அறைக்குள் நுழைய வேண்டும். ஓர் அறையில் ஆயுதம் பறிக்கப்படும். வேறொன்றில் ‘கறி அண்ட் ரைஸ்’ என்ற பெயரில் ஓர் எதிரி காத்திருப்பான். கேம் முழுவதிலும் இப்படிப் புதுப்புது யோசனைகள் இறைந்து கிடக்கின்றன. வேறு யாராவது செய்திருந்தால் இதில் பாதியை அடுத்த பாகத்துக்கு என்று எடுத்து வைத்திருப்பார்கள்.

கன்ஸ்டாரோடு ஏறக்குறைய ஒரே நேரத்தில் உருவான மெக்டொனால்ட்ஸ் கேம் குழந்தைகளுக்கான எளிய ஆட்டம். விளம்பரத்துக்காகச் செய்ததென்றாலும் கைவேலையில் குறை வைக்கவில்லை. அடுத்த ஆண்டு வந்த ‘டைனமைட் ஹெடி’ எறிவதை எடுத்துக்கொண்டது. நாயகன் ஒரு பொம்மை. அவனுடைய ஆயுதம் அவன் தலை. பெரிய தலை, சுருங்கிய தலை, சுவரில் ஒட்டும் தலை என்று மாற்றிக்கொண்டே போகிறான். உலகம் முழுவதும் ஒரு பொம்மலாட்ட மேடை. திரைச்சீலையும் அட்டையில் செய்த காட்சிப் பொருள்களும் கண்ணெதிரே தெரிகின்றன. பின்னணி என்று நினைத்த பலகை திடீரென்று சாய்ந்து வழியாகிறது.

1995இல் வந்த ‘ஏலியன் சோல்ஜர்’ இவர்கள் செய்தவற்றில் மிகவும் கறாரானது. பெரும்பாலும் ஹிதேயுகி சுகனாமி என்ற ஒருவரின் கையில் உருவானது. பெரிய எதிரிகளுடன் மோதும் கட்டங்களே கேமின் பெரும்பகுதி; இடையில் வரும் சிறு எதிரிகள் மூச்சு வாங்குவதற்கு மட்டும். தலைப்புத் திரையிலேயே 68000 செயலியின் பெயரைப் பெருமையோடு எழுதி வைத்திருக்கிறார்கள். எதிரியின் குண்டைச் சரியான கணத்தில் அடித்தால் அது உயிர்ச்சத்தாக மாறும். உயிர் முழுதாக நிரம்பியிருக்கும்போது பாய்ந்தால் நாயகன் நெருப்புப் பறவையாகி எதிரியைத் துளைப்பான். அதில் கொஞ்சம் உயிர் செலவாகும். ஆகவே அடிபடாமல் இருப்பதே பெரிய ஆயுதம். பழகாத கைக்கு முதல் சில நிமிடங்கள் வெறும் குழப்பம்தான். பழகிய பிறகு குண்டை மாற்றுவது, நிரப்புவது, பாய்வது என்று ஒரு தாளம் பிடிபடுகிறது. அந்தத் தாளம் பிடிபடும் வரை இந்தக் கேமை எடை போடக் கூடாது.

சண்டை ஆட்டங்களில் ட்ரெஷர் திரையை முன்னும் பின்னுமாகப் பிரித்தது. 1994இல் ‘யூ யூ ஹாகுஷோ’ காமிக்ஸை வைத்துச் செய்த ஆட்டத்தில் இரண்டு தளங்கள், நான்கு பேர். 1996இல் சேகா சாட்டர்னுக்கு வந்த ‘கார்டியன் ஹீரோஸ்’ மூன்று தளங்கள் வைத்தது. தனிப் போட்டியில் ஆறு பேர் வரை மோதலாம். கதைப் பகுதியில் அனுபவம் சேர்ந்து பலம் கூடும், பாதை கிளை கிளையாகப் பிரியும். ஏவல் சொன்னால் கேட்கும் ஒரு மாண்ட வீரனும் கூடவே வருவான். “காப்பாற்று”, “தாக்கு”, “சும்மா இரு” என்று அவனை நடத்துவதே தனிக் கலை. சிறு தவறில் முழுப் படையும் ஒரே மூலையில் சிக்கிக்கொள்ள, திரை முழுக்க மந்திரமும் தீயும் நிறைந்துவிடும். அந்தக் கலவரம்தான் இதன் அழகு.

நிண்டெண்டோ 64 கன்சோலுக்கு 1997இல் வந்த ‘மிஸ்சீஃப் மேக்கர்ஸ்’ முப்பரிமாண மோகம் உச்சத்தில் இருந்தபோது துணிந்து பக்கவாட்டு ஆட்டமாகவே நின்றது. மரீனா என்ற ரோபோ பணிப்பெண் எதையும் பிடிப்பாள், குலுக்குவாள், எறிவாள். எதிரி, குண்டு, கல் எல்லாவற்றுக்கும் இதே மூன்று செயல்கள். ஒருவகைப் பானைக்குள் பொருள்களைப் போட்டுக் குலுக்கினால் வேறொன்று வெளிவரும். சோக முகம் போட்ட கட்டைகளும் உயிர்களும் நிறைந்த அந்த விசித்திர உலகத்தில், புதிதாக எதைக் கண்டாலும் ‘இதைக் குலுக்கினால் என்ன ஆகும்?’ என்ற ஆவல் தானாக எழுகிறது.

அதே ஆண்டில் வந்த ‘சில்ஹூட் மிராஜ்’ அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ட்ரெஷரின் மிகப் பெரிய சாதனைக்கு விதை அதில்தான் இருக்கிறது. உலகத்தில் இரண்டு குணம் கொண்ட உயிர்கள். நாயகி வலப்பக்கம் பார்த்தால் ஒரு குணம், இடப்பக்கம் பார்த்தால் மற்றது. எதிர்க்குணம் கொண்டவனைத்தான் காயப்படுத்த முடியும். தவறான பக்கம் நிற்கும் எதிரியைத் தாண்டிக் குதித்து மறுபக்கம் போக வேண்டும், அல்லது அவனைத் தூக்கி மறுபக்கம் போட வேண்டும். யோசனை அருமை, ஆனால் அந்த இடமாற்றமே ஆட்டத்தின் ஓட்டத்தை அடிக்கடி நிறுத்துகிறது.

ஹிரோஷி இவுச்சி இயக்கிய ‘ரேடியன்ட் சில்வர்கன்’ 1998இல் ஆர்கேடுக்கும் சாட்டர்னுக்கும் வந்தது. விமானம் சுடும் ஆட்டங்களில் ஆயுதங்களை வழியில் பொறுக்கிக்கொள்வது அதுவரை மரபு. இங்கே ஏழு ஆயுதங்களும் முதல் நொடியிலேயே கையில் இருக்கின்றன: மூன்று பட்டன்கள், அவற்றை இரண்டிரண்டாக அழுத்தினால் மூன்று, மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வாள். எந்த இடத்துக்கு எது என்று அறிவதுதான் ஆட்டம். சிவப்பு, நீலம், மஞ்சள் எதிரிகளில் ஒரே நிறத்தை மூன்று மூன்றாகத் தொடர்ந்து வீழ்த்தினால் புள்ளிகள் ஏறும். புள்ளிகள் ஏறினால்தான் ஆயுதம் வலுப்பெறும். எனவே கண்ணில் பட்டதையெல்லாம் சுடுபவர் பின்னால் வலுவில்லாமல் தவிப்பார். இந்த ஒழுங்கு கடுமையானது. சில இடங்களில் விமானம் சுடும் மகிழ்ச்சியையே கணக்குப் பாடமாக்கிவிடுகிறது என்ற குறையும் நியாயமே. ஹிதோஷி சகிமோட்டோவின் பெருங்குழு இசை அந்தக் கடுமைக்கு ஒரு துயரத்தைச் சேர்க்கிறது. முதலில் வரும் கட்டத்தின் எண் 3, கடைசியில் வருவதன் எண் 1. கதையும் காலத்தில் பின்னோக்கிப் போய்த் தொடங்கிய இடத்துக்கே சுழல்கிறது.

2001 டிசம்பரில் ஆர்கேடுக்கும், மறு ஆண்டு ட்ரீம்காஸ்ட் கன்சோலுக்கும் வந்த ‘இகருகா’ இந்த எல்லாவற்றையும் உருக்கி வடித்தது. ஏழு ஆயுதங்கள் போய், சுடுவதற்கு ஒரு பட்டன், நிறம் மாற ஒரு பட்டன், சேர்த்த சக்தியை விடுவிக்க ஒரு பட்டன் மட்டும். விமானம் வெள்ளையாக இருந்தால் வெள்ளைக் குண்டுகளை விழுங்கும், கறுப்புக் குண்டு பட்டால் சாகும், கறுப்பானால் தலைகீழ். எதிர்நிறத்தில் சுட்டால் அடி இரட்டிப்பு. அதே நிறத்தில் சுட்டாலோ, வீழும் எதிரி அதே நிறக் குண்டுகளைச் சிதறிவிட்டுப் போவான். அவற்றை விழுங்கினால் சக்தி சேரும்; நிரம்பினால் தேடிப் பாயும் 12 கற்றைகள். விரைவாகக் கொல்வதா, பாதுகாப்பாகத் தின்பதா என்ற கேள்வி ஒவ்வொரு நொடியும் எழுகிறது. சில்ஹூட் மிராஜில் திரும்பி நின்று செய்ததை இங்கே ஒரு பட்டன் கண் இமைக்கும் நேரத்தில் செய்துவிடுகிறது, ஓட்டம் தடைப்படுவதில்லை.

பெரிய கற்றை வரும் இடத்தில் இதன் அருமை தெரியும். திரையின் அகலத்தில் பாதியை அடைத்துக்கொண்டு வெள்ளைக் கற்றை இறங்குகிறது. வேறு எந்த ஆட்டத்திலும் ஓடி ஒளிய வேண்டிய நேரம் அது. இங்கே வெள்ளையாகி அதற்குள்ளேயே நுழைந்துவிடலாம். ஆனால் கற்றை விமானத்தைக் கீழே தள்ளும். எதிர்த்து மேலே அழுத்திக்கொண்டே, பக்கவாட்டில் வரும் கறுப்புக் குண்டுகளையும் கவனிக்க வேண்டும். மூன்று மூன்றாக ஒரே நிறத்தை வீழ்த்தும் சங்கிலியில் முதல் மூன்றுக்கு 100 புள்ளிகள், பின்பு ஒவ்வொன்றும் இரட்டித்து 25,600 வரை ஏறும். ஐந்தே கட்டங்கள், எதிரிகள் வரும் வரிசை ஒருபோதும் மாறாது. மனப்பாடம் செய்து ஆடும் தேர்ந்த கையைப் பார்ப்பது ஒரு நடனத்தைப் பார்ப்பதற்குச் சமம். ஒரு குண்டுகூடச் சுடாமல் கேம் முழுவதையும் கடப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கென்று ஒரு தனிப் பட்டத்தையும் உள்ளே வைத்திருக்கிறார்கள். சுடும் ஆட்டம் ஒன்று சுடாமலே ஆடத்தக்கதாக அமைந்திருப்பது விதியின் நிறைவுக்குச் சான்று.

இதற்கு இடையில் 2000இல் நிண்டெண்டோவுடன் சேர்ந்து செய்த ‘சின் அண்ட் பனிஷ்மென்ட்’ வந்தது. ஆட்டம் தானாக முன்னே ஓட, ஒரு கை குறிவைக்கிறது, மறு கை நகர்த்துகிறது. அருகில் வந்த ஏவுகணையை வாளால் தட்டி, சுட்டவனுக்கே திருப்பி அனுப்பலாம். இதன் இரண்டாம் பாகம் 2009இல் வீ கன்சோலுக்கு வந்தது.

‘பங்காயோ’ வரிசை கூட்டத்தையே செயலாக்கியது. எதிரிக் குண்டுகள் எவ்வளவு நெருக்கமாகச் சூழ்கின்றனவோ, பதிலுக்கு அவ்வளவு ஏவுகணைகள் பறக்கும். அதனால் ஆபத்தை வேண்டுமென்றே பக்கத்தில் வரவிட்டு, கடைசிக் கணத்தில் பட்டனை அழுத்துவதில்தான் சுவை. 2008இல் நிண்டெண்டோ டிஎஸ்ஸுக்கு வந்த ‘பங்காயோ ஸ்பிரிட்ஸ்’ ஆடுபவர்களே கட்டங்களை உருவாக்க இடம் தந்தது. அந்தக் கட்டங்களை ஒலியாக மாற்றி ஒலிபெருக்கி வழியே இசைத்தால் மற்றொரு டிஎஸ் தன் மைக்கில் கேட்டு வாங்கிக்கொள்ளும்.

பிறர் கதைகளை எடுத்துச் செய்த வேலைகளும் பல. அவற்றில் தலைசிறந்தது கேம்பாய் அட்வான்ஸுக்கு 2003இல் வந்த ‘ஆஸ்ட்ரோ பாய்: ஒமேகா ஃபேக்டர்’. ஆஸ்ட்ரோ பாயைப் படைத்த ஒசாமு தெசுகா தன் பாத்திரங்களை நடிகர்களைப் போல ஒரு கதையிலிருந்து இன்னொரு கதைக்கு அழைத்து வருவார். அந்த வழக்கத்தையே ட்ரெஷர் ஆட்ட விதியாக்கியது: ஆஸ்ட்ரோ புதிதாக ஒருவரைச் சந்தித்துப் புரிந்துகொள்ளும்போதெல்லாம் அவனுடைய ஆற்றலில் ஒன்றை உயர்த்தலாம். கதை ஒருமுறை முடிந்ததும் தெசுகாவின் தீப்பறவை அவனை உயிர்ப்பித்துத் தொடக்கத்துக்கு அனுப்புகிறது. நடந்ததைத் தடுக்க வேண்டியது இனி அவன் பொறுப்பு. மூலத்தின் மீது இவ்வளவு மதிப்பு வைத்து எடுத்த கேம்கள் அரிது.

2004இல் வந்த ‘கிரேடியஸ் 5’ஐ ட்ரெஷர் செய்து கொடுத்தது கோனாமிக்காக. விட்டு வந்த வீட்டின் பழம்பெரும் தொடருக்கு, விட்டு வந்தவர்களே புதுப் பாகம் எழுதினார்கள். விமானத்தைத் தொடரும் துணை உருண்டைகளை நிறுத்தவோ, திசை திருப்பவோ, விரிக்கவோ, சுழற்றவோ நான்கு வகை வைத்தார்கள். திசை திருப்பும் வகையில் ஆடினால் பழைய கிரேடியஸ் அடியோடு வேறாகிவிடுகிறது. மரபைத் தொட்டும் தங்கள் பழக்கத்தை விடவில்லை.

கேப்காமுக்காக 2013இலும் 2014இலும் செய்த ‘கைஸ்ட் கிரஷர்’ கேம்களோடு அந்தப் பெருவரிசை நிற்கிறது. அதன் பின்பு பெரும்பாலும் மறுவெளியீடுகளே. இகருகா பிசிக்கும் நிண்டெண்டோ ஸ்விட்சுக்கும் கிடைக்கிறது. சில்வர்கன் 2022இல் ஸ்விட்சுக்கு வந்தது. கன்ஸ்டார் ஹீரோஸ், ஏலியன் சோல்ஜர், சின் அண்ட் பனிஷ்மென்ட் மூன்றும் நிண்டெண்டோவின் ஆன்லைன் சந்தாவில் சேர்ந்திருக்கின்றன. புதிதாக வருபவர் கன்ஸ்டாரில் தொடங்கி, ஆஸ்ட்ரோ பாயைத் தொட்டு, கை பழகிய பிறகு இகருகாவுக்குப் போவது நல்லது. இகருகாவை, முடிந்தால், திரையை நெட்டுக்குத்தாகத் திருப்பி வைத்து ஆட வேண்டும். அது வரையப்பட்டது அந்த வடிவத்துக்குத்தான்.