தவறு ஒருவருடையது, அடி இன்னொருவருக்கு

டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஆகஸ்ட் 1 அன்று, ஜெர்மனியின் மிகாயேல் யுங் தன் குதிரை சிப்மங்குடன் கிராஸ் கன்ட்ரி தடத்தில் இறங்கினார். ஒரு தடையில் குதிரையின் பின்னங்கால் லேசாக உரசியது. விபத்து நேர்ந்தால் கட்டை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதற்காக அதில் பொருத்தியிருந்த பாதுகாப்புப் பூட்டு விடுபட்டது. உடனே 11 தண்டப் புள்ளிகள். லண்டனிலும் ரியோவிலும் தனிநபர் தங்கம் வென்றவர் டோக்கியோவிலிருந்து பதக்கம் இல்லாமல் திரும்பினார். 2024 ஒலிம்பிக்கில், வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தில், அதே குதிரையின் மேலிருந்து மூன்றாவது தனிநபர் தங்கத்தை வென்றார்.

தவறிலிருந்து பாடம் கற்று மீண்டு வந்தார் என்று எழுதிவிடலாம், வாசிக்கவும் நன்றாக இருக்கும். ஆனால் டோக்கியோவில் யுங் செய்த தவறு என்ன? வேகம் சரி, கோணம் சரி, இருக்கை சரி. தாவி முடித்த குதிரையின் பின்னங்கால் உரசியதற்குத்தான் தண்டம். அதே நாளில் அதைவிட மோசமாகத் தாவியும் எதையும் தட்டாததால் ஒரு புள்ளிகூட இழக்காதவர்கள் இருந்திருப்பார்கள். கிராஸ் கன்ட்ரியில் தண்டனையும் தவறும் எப்போதும் சேர்ந்து வருவதில்லை. குதிரையேற்ற உலகம் பெருமையோடு சொல்லும் ‘விழுந்து எழுந்துதான் கற்க வேண்டும்’ என்ற மரபை எடைபோட இங்கிருந்து தொடங்குவதுதான் சரி.

இந்த விளையாட்டு பழக்கமில்லாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சில தகவல்கள். ஈவென்டிங் என்பது மூன்று கட்டப் போட்டி. முதலில் டிரெஸ்ஸாஜ், அதாவது குதிரையின் பணிவையும் நடையையும் காட்டும் ஆட்டம். அடுத்து கிராஸ் கன்ட்ரி. மேடு பள்ளம், நீர்க்குட்டை, அகழி, மரக்கட்டை எல்லாம் கடந்து பல கிலோமீட்டர் ஓட வேண்டும். கடைசியில், தட்டினால் விழும் கம்புகளைத் தாண்டும் ஷோ ஜம்பிங். ராணுவக் குதிரைகளைச் சோதிக்கும் பயிற்சியாகப் பிறந்து 1912-ல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் நுழைந்த போட்டி இது. உயர்ந்த நிலையில் கிராஸ் கன்ட்ரியின் வேகம் நிமிடத்துக்கு 570 மீட்டர், நொடிக்கு ஒன்பதரை மீட்டர். திடமான தடைகளின் உயரம் 1.20 மீட்டர் வரை போகும். தடைக்கு முன்னால் உள்ள கடைசி மூன்று பாய்ச்சல்களில்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன. அந்த மூன்று பாய்ச்சலுக்கும் கிடைப்பது இரண்டு நொடிக்கும் குறைவு.

எந்தத் தவறுகள் என்று கேட்டால் பட்டியல் பழையதுதான், புதியவர்கள் அதையே மறுபடியும் செய்கிறார்கள். தடைக்கு அப்பால் பார்க்காமல் தடையையே குனிந்து பார்ப்பது, குதிரை எழும்புவதற்கு முன்பே உடலை முன்னால் சாய்த்துவிடுவது, கடைசி நேரத்தில் பயந்து கடிவாளத்தை இழுப்பது. இவற்றைவிட நுட்பமான ஒன்று, எல்லாத் தடைக்கும் ஒரே வேகத்தில் போவது. சரிவான புதர்த் தடையைப் பாய்ச்சலில் கடக்கலாம். கட்டை, பள்ளத்தில் அகழி, மறுபடி கட்டை என்று அமைந்த கூட்டுத் தடைக்கு அந்த வேகம் ஆகாது. குதிரை பின்னங்காலில் எடையைத் தாங்கி, குறுகிய துள்ளலில் வந்தால்தான் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்க அதற்கு நேரம் கிடைக்கும்.

பார்க்க நேரம் கிடைப்பதுதான் இங்கே முக்கியம். போட்டிக்கு முன் வீரர் அந்தத் தடத்தைப் பலமுறை நடந்து பார்க்கிறார். எங்கே திரும்புவது, எந்த மரத்தை நேர்கோடாகப் பிடிப்பது, எத்தனை அடி என்று அளந்து மனப்பாடம் செய்கிறார். குதிரையோ அந்தத் தடையைத் தாவப் போகும் நொடியில்தான் முதன்முறையாகப் பார்க்கிறது. ஒருவருக்குத் தெரிந்த பாதையில் இன்னொருவர் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓடுவது போலத்தான். ஆகவே குதிரை நின்றாலோ விலகி ஓடினாலோ, முதலில் கேட்க வேண்டியது அதற்கு விஷயம் எப்போது தெரிவிக்கப்பட்டது என்பதை. ‘குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம்’ என்று நம்மூரிலும் குதிரையைத்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள். லாயத்துக்கு லாயம் இன்றும் அதே தீர்ப்புதான்.

தவறிலிருந்து கற்கும் முறையின் பலத்தை நான் மறுக்கவில்லை. உடல் கற்பதை வாயால் கற்பிக்க முடியாது. குதிரை எழும்பும்போது கையை எவ்வளவு விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதை நூறு முறை சொன்னாலும், விட்டுக்கொடுக்காமல் ஒருமுறை குதிரையின் வாயைச் சுண்டி, அது தலையைத் தூக்கி மறுப்பைக் காட்டிய பிறகுதான் கை நம்புகிறது. நல்ல பயிற்சித் திடல்களில் ஒரே வடிவத் தடையைச் சிறியது, நடுத்தரம், பெரியது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பதும் இதற்காகத்தான். கிராஸ் கன்ட்ரித் தடையை ஷோ ஜம்பிங் கம்பு போல ஒரு துளை இறக்கி வைக்க முடியாது. அதனால் தவறு நடந்ததும் சிறிய தடைக்குத் திரும்பிச் சரிசெய்கிறார்கள். முழங்கால் உயர மரக்கட்டையில் செய்யும் தவறு மலிவானது, தாராளமாகச் செய்து கற்கலாம்.

சிக்கல் இரண்டு இடங்களில் இருக்கிறது. முதலாவது, கற்பவர் ஒருவர் அல்ல, இருவர். வீரர் கற்கும் அதே நொடியில் குதிரையும் கற்கிறது, ஆனால் அது வேறு பாடம். குதிரைப் பயிற்சி அழுத்தமும் விடுவிப்பும் சேர்ந்தது. காலால் தரும் அழுத்தம் எப்போது நிற்கிறதோ, அப்போது செய்துகொண்டிருந்ததையே சரியான விடை என்று குதிரை எடுத்துக்கொள்ளும். குறுகிய தடையை விட்டு இடப்பக்கம் விலகி ஓடிய குதிரையை, வீரர் பதற்றத்தில் அப்படியே இடப்பக்கமாக வட்டமடித்து, கடிவாளத்தைத் தளர்த்தி, மூச்சு வாங்க விட்டால் தீர்ந்தது. இடப்பக்கம் தப்பினால் நிம்மதி என்று அதற்குத் தெரிந்துவிட்டது. இடப்பக்கம் ஓடினால் நிறுத்தி வலப்பக்கம் திருப்பி, நேராக மறுபடி கொண்டுவர வேண்டும் என்று பயிற்சியாளர்கள் வற்புறுத்துவது இதனால்தான். வீரரின் தவறு ஐந்தே நிமிடத்தில் திருந்திவிடலாம். குதிரைக்குள் பதிந்ததைத் திருத்த மாதங்கள் ஆகும். குதிரையின் நம்பிக்கையைச் செலவழித்துத்தான் வீரர் அனுபவத்தைச் சம்பாதிக்கிறார். இந்தக் கணக்கு எந்த மதிப்பெண் பலகையிலும் வராது.

செலவு சில சமயம் வெளிப்படையாகவே தெரியும். 2022-ல் ஒரு பழைய காணொளி வெளிவந்தது. மாணவர் ஒருவர் ஏறியிருந்த குதிரை நீர்த்தடைக்குள் இறங்கத் தயங்கியபோது, பயிற்றுவித்துக்கொண்டிருந்தவர் மரக்கிளையால் அதைத் திரும்பத் திரும்ப அடித்தார். அவர் இரண்டு ஒலிம்பிக் தனிநபர் தங்கம் வென்ற நியூசிலாந்தின் மார்க் டாட். பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார், பந்தயக் குதிரைப் பயிற்சியாளர் உரிமமும் தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டது. தலைமுறையின் தலைசிறந்த சவாரிக்காரர்களில் ஒருவருக்கே அந்த நேரத்தில் குதிரையின் தயக்கம் கீழ்ப்படியாமையாகத்தான் தெரிந்தது என்றால், வார இறுதியில் மட்டும் சவாரி செய்பவரின் தீர்ப்பை எப்படி நம்புவது?

இரண்டாவது சிக்கல் இன்னும் ஆழமானது. எல்லாரும் ஒரே தவறைச் செய்தால் அது தவறாகவே தெரியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பியக் குதிரைப்படையில் தாவும்போது பின்னால் சாய்ந்து, காலை முன்னே நீட்டி, கடிவாளத்தை இழுத்துப் பிடிப்பதே முறை. குதிரை பின்னங்காலில் இறங்கினால் முன்னங்கால் தப்பும் என்று நம்பினார்கள். ஒவ்வொரு தாவலிலும் வாயில் வலி பட்ட குதிரைகள் மறுத்தன. மறுத்தபோதெல்லாம் இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்ற பாடத்தையே கற்றார்கள். அனுபவம் பெருகப் பெருகத் தவறும் உறுதிப்பட்டது. இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி ஃபெடரிக்கோ காப்ரில்லி தன் தவறுகளை ஆராயவில்லை. முதுகில் யாரும் இல்லாத குதிரை எப்படித் தாவுகிறது என்று பார்த்தார். அது முன்னங்காலில்தான் இறங்கியது, கழுத்தைத் தாராளமாக நீட்டியது. அப்படியானால் அங்கவடியைக் குறுக்கி, முன்னோக்கிச் சாய்ந்து, குதிரைக்கு வழிவிடுவதே வீரரின் வேலை என்று முடிவுசெய்தார். இன்று உலகம் முழுக்கத் தாவும் இருக்கை அவருடையது. 1907-ல், 39 வயதில், குதிரையிலிருந்து விழுந்தே இறந்தார் என்பது வேறு கதை.

விழுந்த வீரனைப் போற்றும் மரபையும் இந்த இடத்தில் கேள்வி கேட்க வேண்டும். 1936 பெர்லினில் நீர்த்தடை ஒன்றில் குதிரைகள் வரிசையாக விழுந்தன. ஜெர்மனியின் கொன்ராட் வான் வாங்கன்ஹைம் விழுந்து காறையெலும்பு முறிந்தும் மறுபடி ஏறித் தடத்தை முடித்தார். மறுநாள் ஷோ ஜம்பிங்கிலும் குதிரையோடு விழுந்து, எழுந்து, முடித்தார். அணிக்குத் தங்கம். பல பத்தாண்டுகளாகத் துணிவுக்கு இதுவே உதாரணம். அவரிடம் துணிவு இருந்தது, சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கதையில் கற்றல் எங்கே? இன்றைய சர்வதேச விதிப்படி கிராஸ் கன்ட்ரியில் வீரர் ஒருமுறை விழுந்தாலே அன்றைய போட்டி முடிந்தது. ‘விழுந்ததும் உடனே ஏறு’ என்பதை வீரவாக்காகக் கொண்டவர்கள் முணுமுணுத்தார்கள். எனக்கு அந்த விதி சரியாகவே படுகிறது. தலையில் அடிபட்டவருக்குத் தன் தலையில் அடிபட்டது தெரியாது. தெரியாதவரிடம் முடிவை விடுவது மரபாக இருக்கலாம், அறிவாகாது.

இந்த விளையாட்டு உண்மையிலேயே பாடம் கற்ற தருணம் 1999-க்குப் பிறகு வந்தது. அந்த ஓராண்டில் பிரிட்டனில் மட்டும் ஐந்து வீரர்கள் உயிரிழந்தார்கள். ஹார்ட்டிங்டன் பிரபு தலைமையிலான குழு மறு ஆண்டு அறிக்கை தந்தது. அதன் சாரம், குதிரை விழுவதைத் தடுக்க எல்லா வழியிலும் முயல வேண்டும் என்பது. வீரர் மட்டும் விழுவதைவிட, குதிரை முன்னங்கால் தட்டித் தலைகுப்புறப் புரண்டு அவர்மேல் விழுவதுதான் உயிரைக் குடிக்கிறது. அப்படி விழுந்தவர் தன் தவறிலிருந்து கற்க வாய்ப்பே இல்லை. ஆகவே தடையே கற்க வேண்டியிருந்தது. குறிப்பிட்ட விசைக்கு மேல் தள்ளினால் முறிந்து கட்டையைக் கீழே இறக்கும் பின்கள் வந்தன. பிறகு ஸ்வீடனிலிருந்து மிம் என்ற விடுபடும் கொக்கிகள் வந்தன. யுங்கின் 11 புள்ளிகள் இந்தச் சங்கிலியின் ஒரு கண்ணி.

விட்டுக்கொடுக்கும் தடை வீரரை அலட்சியக்காரராக்கும் என்பவர்கள் உண்டு. அந்த வாதத்தை முழுக்கத் தள்ளிவிட முடியாது, பாதுகாப்பு கூடும்போது துணிச்சலும் கூடுவதைச் சாலையில் பார்க்கிறோம். ஆனால் குதிரையின் கண்ணுக்குத் தடை திடமாகவே தெரிகிறது, அது அலட்சியமாகத் தாவக் காரணமில்லை. வீரரின் அலட்சியத்துக்கு 11 புள்ளி போதுமான பதில். உரசலுக்கும் உயிராபத்துக்கும் ஒரே தண்டம் என்பதுதான் இன்றைய ஓட்டை. அதைச் சரிசெய்ய வேண்டியவர்கள் விதி எழுதுபவர்கள்.

மதிப்பெண் முறைக்கு இன்னொரு குருட்டுப் பக்கமும் உண்டு. முதல் மறுப்புக்கு 20, அதே தடையில் இரண்டாவதுக்கு 40, நேரம் தாண்டும் ஒவ்வொரு நொடிக்கும் 0.4. டோக்கியோவில் பெங்களூருவின் ஃபுவாத் மிர்சா ஒரு தடையில்கூடப் பிழையில்லாமல், 28 நொடி தாமதமாக வந்து 11.2 புள்ளி இழந்தார். யுங்கின் உரசலுக்கும் அவருடைய நிதானத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே விலை. குதிரையின் சாமர்த்தியத்தால் உயிர் தப்பிய தாவலுக்கோ, ஆபத்தான சவாரி என்று அதிகாரி தலையிட்டாலொழிய, விலையே இல்லை. நல்ல குதிரை வீரரின் தவறை மறைத்துவிடும். இருப்பதிலேயே மோசமான ஆசிரியர் அதுதான், தப்பான விடைக்கும் முழு மதிப்பெண் போட்டுவிடும்.

அப்படியானால் யார் தவறைச் சொல்வது? பலர் தலைக்கவசத்தில் கேமரா பொருத்தி ஓடுகிறார்கள். அதில் தெரிவது காதுகளும் தடையும் மட்டும், வீரரின் கால் பின்னால் நழுவியது தெரியாது. தரையில் பக்கவாட்டில் நின்று எடுக்கும் ஒரு சாதாரணக் கைபேசிப் படம் அதைவிட நேர்மையானது. அதையும் வீரர் தனியாகப் பார்க்காமல், குதிரையை அறிந்த இன்னொருவர் சத்தமில்லாத படமாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். அயர்லாந்து ஒரு படி மேலே போனது. குதிரையின் கிராஸ் கன்ட்ரி வரலாற்றைக் கணக்கிட்டு, அடுத்த நிலைக்குப் போகலாமா என்பதைப் பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்களால் சொல்லும் முறையைக் கொண்டுவந்தது. சிவப்பு வந்தால் வீரர் என்ன காரணம் சொன்னாலும் கீழ்நிலைக்குத் திரும்ப வேண்டியதுதான். வீரரின் நினைவைவிடக் குதிரையின் பதிவேடு நம்பகமானது என்று ஒரு நாட்டின் சங்கம் ஏற்றுக்கொண்டதை நான் பெரிய முன்னேற்றமாகவே கருதுகிறேன்.

இந்தியாவில் சவாரிப் பள்ளிகளின் குதிரைகளில் பல, பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்றவை. வேகமாக ஓட மட்டுமே பழக்கப்பட்ட அவற்றின் மேல்தான் குழந்தைகள் முதல் கட்டையைத் தாண்டுகிறார்கள். சென்னையிலோ கோவையிலோ பிள்ளையைக் குதிரையேற்றத்தில் சேர்க்க நினைக்கும் பெற்றோர், பள்ளியின் கோப்பைகளையும் படங்களையும் பார்த்து முடித்த பிறகு, பயிற்சியாளரிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: குதிரை தடைக்கு முன்னால் நின்றுவிட்டால் நீங்கள் அடுத்து என்ன செய்வீர்கள்? சவுக்கை எடுப்பேன் என்றால் வேறு பள்ளி பாருங்கள். சிறிய தடைக்குத் திரும்பிப் போய், பிள்ளையின் கை என்ன செய்தது என்று பார்ப்பேன் என்றால் சேர்த்துவிடுங்கள்.