விருந்தாளிப் பட்டியலை வாசித்தல்

உச்சி மாநாட்டுப் பிரகடனங்களை வாசிப்பதை நான் விட்டுவிட்டேன். அழைப்புப் பட்டியல் போதும். அதிகாரம் தன்னை மறைக்காமல் எழுதும் பிரதி அதுதான்.

1994 டிசம்பரில் மியாமியில் முதல் 'அமெரிக்க நாடுகளின் உச்சி மாநாடு' கூடியது. 34 நாடுகள் வந்தன, கியூபாவுக்கு மட்டும் அழைப்பில்லை. தேர்தல் வழி வந்த அரசுகளுக்கே இடமாம். சரி, 1992இல் ராணுவத் துணையோடு நாடாளுமன்றத்தையே கலைத்த ஃபுஜிமோரியின் பெருவுக்கு எப்படி நாற்காலி கிடைத்தது? பிறகொரு தேர்தலை நடத்திக்கொண்டார், சந்தையையும் திறந்துவிட்டிருந்தார். அவ்வளவுதான். 2005க்குள் கண்டம் முழுக்க ஒரே சுதந்திர வணிக மண்டலம் என்பதுதானே மியாமியின் கனவு! அதே ஆண்டு ஜனவரி 1 அன்று, வட அமெரிக்க சுதந்திர வணிக ஒப்பந்தம் அமலுக்கு வந்த நாளிலேயே, சியாபாஸில் ஜபாடிஸ்டாக்கள் ஆயுதமேந்தினார்கள். அவர்களை யார் கேட்டா?

2001 ஏப்ரலில் கியூபெக் நகரில் கம்பி வேலி போட்டு, வெளியே கண்ணீர்ப்புகை அடித்துக்கொண்டு, ஜனநாயகம் முறிந்த நாட்டின் அரசுக்கு இனி இடமில்லை என்று உள்ளே எழுதினார்கள். இதைக் கட்டவிழ்க்க தெரிதா வேண்டாம். மறு ஏப்ரலிலேயே வெனிசுவேலாவில் சாவேஸைக் கவிழ்த்தபோது வெள்ளை மாளிகை அவர் மீதே பழி போட்டது.

2005 நவம்பரில் அர்ஜென்டினாவின் மார் தெல் பிளாட்டாவில் அந்த வணிகக் கனவு செத்தது. உள்ளே பிரேசில், அர்ஜென்டினா, உருகுவே, பராகுவே, வெனிசுவேலா மறுத்துவிட்டன. வெளியே மக்கள் உச்சி மாநாடு, சாவேஸ், மரடோனா. தோழர்கள் கதையை இங்கே முடித்துக்கொள்ள விரும்புவார்கள். எனக்குச் சங்கடம் தொடங்குவதே இதற்குப் பிறகுதான்.

2022 ஜூனில் லாஸ் ஏஞ்சல்ஸ் மாநாட்டுக்குக் கியூபா, வெனிசுவேலா, நிகரகுவா மூன்றையும் அமெரிக்கா அழைக்கவில்லை. மெக்சிகோவின் லோபெஸ் ஓப்ரடோர் போகாமல் புறக்கணித்தார். நியாயம்தான். வாஷிங்டனுக்கு இடமில்லாமல் 2011இல் காரகாஸில் தொடங்கிய 33 நாடுகளின் கூட்டமைப்பில் இந்த மூன்றுக்கும் நாற்காலி உண்டு. அந்தப் பட்டியலையும் வாசிக்கணும் இல்லையா? அங்கேயும் உட்கார்ந்திருப்பது அரசுகள்தான். நிகரகுவாவுக்கு ஒர்டேகாதான் முகம். 2021 தேர்தலுக்கு முன்னால் எதிர் வேட்பாளர்களையும் பழைய சாந்தினிஸ்டா தோழர்களையும் பிடித்து உள்ளே தள்ளியவர் அவர். அப்படி உள்ளே போனவர்களில் ஒருவர் ஊகோ தோரஸ். 1974இல் சோமோசாவின் சிறையிலிருந்து ஒர்டேகாவை விடுவிக்க வைத்த கெரில்லாத் தாக்குதலில் கலந்துகொண்டவர். 2022 பிப்ரவரியில், ஒர்டேகாவின் காவலில் இருக்கும்போதே இறந்துபோனார்.